மேகப் பலகையில் செப்டாவின் பெயர்

செப்டா கரீன் எங்கள் டே கேரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. வாசலிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, "என் பேரு செப்டா. மூக்கு பெருசு, நடை மெதுவு. உங்க பேரை ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நான் தப்பா சொன்னா திருத்துங்க" என்றார். பதினாறு குழந்தைகள். மாலைக்குள் பதினாறு பெயரும் அவருக்குப் பாடமாகிவிட்டது. அதன் பிறகு யாரையும் "ஏய் பாப்பா" என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தாறு. என் பெயர் லொரெட்டா. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களின் அறையில் நான் அதற்கு முன்பே ஐந்து வருடம் ஓட்டியிருந்தேன். டோலன்ஸ் ஹார்பரில் இருந்த ஒரே டே கேர் எங்களுடையதுதான்; பழைய கன்னியர் மடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. பெயர் ‘சின்னத் துடுப்பு’. கனடாவில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தெற்குக் கரையில் எங்களைப் போன்ற ஊரில், பெற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் தேடிப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அதனால் பிடிக்காதவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

செப்டாவைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது என் அம்மா. இருவரும் மீன் ஆலையில் ஒரே வரிசையில் நின்று காட் மீனை அறுத்தவர்கள். அந்த ஆலையில் அறுபது பெண்களுக்கு இரண்டே மரச்சீட்டு. சுவரில் ஆணியில் தொங்கும். சீட்டு இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம், ஐந்து நிமிடம். செப்டா இரண்டாவது பிள்ளையை ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் இரண்டு சீட்டும் வெளியே போயிருந்தன. அவர் ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு நடந்தார்.

"செப்டா, சீட்டு எங்க?" என்று மேஸ்திரி கத்தினான்.

"உள்ள இருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாராம். "ரெண்டு மாசம் கழிச்சு வா, எடுத்துக் காட்டறேன்."

மூன்று நாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் திரும்பி வந்த அன்று காலை ஆணி மட்டும் இருந்தது. சீட்டுகளைக் கடலில் எறிந்தது யார் என்று என் அம்மா சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை.

பிறகு காட் மீன் பிடிக்கவே அரசு தடை போட்டது, ஆலை மூடியது, ஊரில் பாதிப் பேர் எண்ணெய் வயல் வேலைக்கு ஆல்பர்ட்டாவுக்குப் பெட்டி கட்டினார்கள். செப்டாவின் கணவர் மோஸும் போனார். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. செப்டா தபால் வழியில் குழந்தைப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தார். எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை தேறினார். பல வருடம் அடுத்த ஊரில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

எங்கள் அறையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கழிப்பறை தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. பதினாறு குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அது லைசென்ஸ் விதி. ஒருத்தர் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் அறையில் பதினைந்து பேருக்கு ஒருத்தர்தான் மிச்சம். அதற்காக எங்கள் மேலாளர் ரோண்டா பெடல் ஓர் அட்டவணை போட்டிருந்தாள். ஒன்பதரை, பதினொன்றரை, தூங்கி எழுந்த பிறகு இரண்டரை. நடுவில் யாராவது கேட்டால், "வரிசை வரைக்கும் பொறுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். பொறுக்க முடியாமல் நனைத்துக்கொண்டவர்களுக்கு அறை மூலையிலேயே, பிளாஸ்டிக் விரிப்பில் நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் உடை மாற்றுவோம். கதவுக்கு வெளியே ஒரு பலகை. அதில் குழந்தைகளின் பெயர்கள், பக்கத்தில் சூரியன் அல்லது மேகம். நனையாத நாள் சூரியன். நனைந்தால் மேகம். மாலையில் பெற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ரோண்டா கெட்டவள் இல்லை. இரண்டு பெரிய டே கேர்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அங்கே இப்படித்தான் செய்தார்கள். நானும் கெட்டவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூலையில் குழந்தைகளுக்கு உடை மாற்றியவை என் கைகள்தான்.

டெஸ் விஃபென் என்று நாலு வயதுப் பெண். அவள் அப்பா லியோ நண்டுப் படகில் போகிறவன், அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. டெஸ்ஸின் பெயருக்குப் பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் மேகம் இருக்கும். "இன்னைக்கும் மேகமா? வெக்கமா இல்ல உனக்கு?" என்று லியோ தாழ்வாரத்திலேயே கேட்பான். அவள் தன் பூட்ஸைப் பார்ப்பாள்.

செப்டா வந்து இரண்டாம் வாரம் மதியச் சாப்பாட்டின்போது என் தோளை இடித்தார். "அந்தப் பொண்ணு பாலைத் தொடறதே இல்ல, பாத்தியா?"

"பிடிக்காது போலக்கா."

"பிடிக்காம இல்லடீ. தண்ணியும் குடிக்கல. குடிச்சா வரும், வந்தா விட மாட்டீங்க. நாலு வயசுல இப்படி யோசிக்குது." அவர் தன் ரொட்டியைச் சாப்பிடாமல் மூடி வைத்தார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு டெஸ் என் முழங்கையைத் தொட்டாள். "லொரெட்டா, ஒண்ணுக்கு வருது."

நான் பெயின்ட் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "பதினொன்றரைக்கு வரிசை இருக்கே கண்ணு. பொறுத்துக்கோ."

"உனக்கு வந்தா பொறுத்துக்குவியா?" என்றார் செப்டா பின்னாலிருந்து.

"நான் என்னக்கா பண்றது? இவளைக் கூட்டிட்டுப் போனா இங்க ஒரு ஆள்தான். சட்டம் ஒத்துக்காது."

"அப்போ சட்டத்தை மீற வேணாம்." அவர் கையைத் தட்டினார். "எல்லாரும் எழுந்திரிங்க. எனக்கு பாத்ரூம் போகணும், தனியா போக பயமா இருக்கு. துணைக்கு வாங்க."

பதினாறு பேரும் எழுந்தார்கள். டெஸ்ஸின் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

"நெஜமாவே பயமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"தாழ்வாரத்துல ஒரு பிஷப் படம் மாட்டியிருக்கே, பாத்ததில்லையா? செத்து நூறு வருஷம் ஆகியும் முறைக்கிறான்."

ஊர்வலமாகப் போனோம். வேண்டியவர்கள் உள்ளே போனார்கள், வேண்டாதவர்கள் பிஷப்புக்கு நாக்கைத் துருத்திக் காட்டினார்கள். அன்று மட்டும் ஐந்து ஊர்வலம். வண்ணமெல்லாம் காய்ந்துவிட்டது, கதை நேரம் போய்விட்டது, என் கால் வலித்தது. நான் எரிச்சலாகத்தான் இருந்தேன்.

நாலாவது நாள் ரோண்டா வந்தாள். "செப்டா, என்ன இது? காலையில மூணு ஊர்வலம். ஒரு வேலையும் நடக்கல."

"நடக்குதே. நடந்துக்கிட்டுதானே இருக்கோம்."

"நெனச்ச நேரத்துக்கெல்லாம் போய்ப் பழகினா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுவாங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப அஞ்சு வயசு ஆகியிருக்கும். இப்ப நாலு. நாலு வயசா இருக்க விடு."

"எனக்கு ஓர் அட்டவணை இருக்கு."

"அவங்க மூத்திரப்பைக்கு அது தெரியாதே, ரோண்டா."

அது அப்படியே இழுத்துக்கொண்டு போனது. ஒருநாள் செப்டா பல் வைத்தியரிடம் போக அரை நாள் விடுப்பு எடுத்தார். பதிலுக்கு வந்து நின்றவள் ரோண்டா. அன்று காலை அட்டவணைப்படி நடந்தது. பதினோரு மணிக்கு டெஸ் நனைத்துக்கொண்டாள். நான் மூலைக்குக் கூட்டிப்போய் மாற்றினேன். எல்லாரும் பார்த்தார்கள். அவள் இரு கையாலும் முன்பக்கத்தை மூடிக்கொண்டாள். நான் அந்தக் கைகளை விலக்கிவிட்டுத் துடைத்தேன். விலக்கினேன் என்பது இப்போதும் என் விரல்களில் இருக்கிறது.

செப்டா மூன்று மணிக்கு வந்தார், வாய் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது. பலகையில் டெஸ்ஸின் பெயருக்குப் பக்கத்தில் மேகம் இருப்பதைப் பார்த்தார். ஒரு காகிதத் துண்டில் ‘செப்டா’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கடைசிப் பெயருக்குக் கீழே ஒட்டினார். பக்கத்தில் ஒரு மேகத்தை எடுத்து மாட்டினார்.

நாலரைக்கு லியோ வந்தான். பலகையைப் பார்த்தான். "செப்டா, உங்க பேரு எதுக்கு அங்க இருக்கு?"

"எனக்கும் நனைஞ்சிடுச்சுப்பா." உதடு மரத்திருந்ததால் வார்த்தை சற்று குழறியது, ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "மூணு பெத்தவ. பல் டாக்டர் நாற்காலியில சாஞ்சிருந்தப்ப தும்மினேன், போச்சு. பையில மாத்துத்துணி வச்சிருந்தேன். ஒரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தி மாத்திக்கிட்டேன். ஒருத்தரும் பாக்கல." அவர் டெஸ்ஸின் பக்கம் திரும்பவில்லை, லியோவையே பார்த்தார். "உன் பொண்ணுக்கு அந்தக் கதவு கெடைக்கல."

லியோவின் கழுத்து சிவந்தது. பிறகு குனிந்து மகளின் கோட்டு ஜிப்பைப் போட்டுவிட்டான். ஒரு ஜிப்புக்கு அத்தனை நேரம் ஆகாது.

சத்தம் கேட்டு ரோண்டா வந்தாள். "உங்க பேரை எடுங்க செப்டா. பெத்தவங்க பாக்கறாங்க."

"பாக்கறதுக்குத்தானே வெளிய மாட்டியிருக்கு?"

"இது கேலிக்கூத்து."

"ஆமா, கேலிதான். நானா ஆரம்பிச்சேன்?"

ரோண்டா காகிதத்தைக் கிழித்தாள். மறுநாள் செப்டா வேறொன்று ஒட்டினார். அதுவும் கிழிந்தது. மூன்றாம் நாள் மறுபடி ஒட்டினார். அந்த வாரக் கடைசியில் ஒரு தாய் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: சிறுநீரை அடக்க முடியாத ஒருத்தி குழந்தைகளைத் தொடலாமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிற்பகலில் கூட்டம். குழுத் தலைவர் ஆஸ்டின் ஹெர்ன், ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். குழுவில் இருந்த அறுவரும் மேசைக்குப் பின்னால், நாங்கள் குழந்தைகளின் குட்டை நாற்காலிகளில்.

"செப்டா, உங்க மேல ஒரு புகார். சுகாதாரம் சம்பந்தமா" என்று ஆஸ்டின் இழுத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

செப்டா எழுந்தார். "ஆஸ்டின், உங்கம்மா கடைசி மூணு வருஷம் படுக்கையில கெடந்தாங்க. யாரோ ஒரு பொண்ணுதான் மாத்திவிட்டா. எப்படி மாத்தினா? திரையை இழுத்துவிட்டு, போர்வையைப் போத்தி, ‘மிஸஸ் ஹெர்ன், இப்ப திருப்பறேன்’னு சொல்லிட்டு. ஹால் நடுவுல நிறுத்தி மாத்தி, வாசல்ல அவங்க பேரையும் எழுதி மாட்டியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"அது வேற, செப்டா."

"எப்படி வேற? சொல்லு."

ஆஸ்டின் தொண்டையைச் செருமினார். "அவங்க பெரியவங்க."

"அவங்களுக்கு இருந்தது, டெஸ்ஸுக்கு இல்லாதது எது? அதைச் சொல்லு. நான் நிக்கிறேன், அவசரமில்ல."

ஆஸ்டின் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கினார். செப்டா சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த எங்கள் லைசென்ஸைக் காட்டினார். அதோடு வந்த விதிப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளையை வெட்கப்படும்படி நடத்தக் கூடாது, உணவையும் ஓய்வையும் கழிப்பறையையும் மறுக்கக் கூடாது என்று எழுதியிருந்த பக்கத்தை மெதுவாகப் படித்தார். "அந்தச் சட்டத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டத் தெரிஞ்சிருக்கு. படிக்கத்தான் ஆள் இல்ல."

ஆஸ்டின் என் பக்கம் திரும்பினார். "லொரெட்டா, நீ அந்த ரூம்லதானே இருக்க. உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். செப்டா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

நாலுக்கு இரண்டு என்று முடிவானது. இன்ஸ்பெக்டர் வந்தால் வம்பு என்று பலகையை மட்டும் கழற்றிவிடுவார்கள். அட்டவணை அப்படியே. இனிமேல் அதை மீறுவதில்லை என்று செப்டா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில்.

திங்கள் காலை ரோண்டா கடிதத்தை நீட்டினாள். செப்டா பேனா கேட்டார். ரோண்டாவின் முகம் தெளிந்தது. செப்டா நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்து, இரண்டாம் பத்தியில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். குழந்தைகள் ஒவ்வொருவரிடமும் போய், "ரெண்டு வாரம் நான் வரமாட்டேன். உங்க மேல கோபமில்ல. திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. ரோண்டாவே அறையில் நின்றாள். முதல் நாள் பத்தே முக்காலுக்கு, மணல் தொட்டியருகே டெஸ் முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மணலை அள்ளினாள். என்னிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அது என்னைக் குத்தியதுபோல் செப்டாவின் எந்தப் பேச்சும் குத்தியதில்லை.

"எனக்கு பாத்ரூம் போகணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "துணைக்கு யார் வர்றீங்க?"

பதினாறு பேரும் எழுந்தார்கள்.

"லொரெட்டா, நீயுமா?" என்றாள் ரோண்டா.

"நானும்தான். நீயும் கெளம்பு. பதினாறுக்கு ரெண்டு பேர், சட்டம்."

"உனக்கும் ஒரு கடிதம் அடிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்னு நெனைக்கிற?"

"அடி. அப்புறம் நாளையிலேருந்து இந்தப் பதினாறையும் நீ தனியா பாத்துக்கோ."

அவளுக்கு வேறு வழியில்லை. தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத ரோண்டா, அவன் வெறும் படம்தான்" என்று தைரியம் சொன்னது. டெஸ் கழிப்பறை வாசலில் நின்று ரோண்டாவை அண்ணாந்து பார்த்தாள். "கதவைச் சாத்திக்கலாமா?"

ரோண்டாவே கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே நின்றாள். உள்ளிருந்து தண்ணீர்ச் சத்தமும், அதைவிடச் சத்தமாக ஒரு பாட்டும் கேட்டன.

அதற்காக ரோண்டா மனம் மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். மாலையில், "நாளைக்கு அட்டவணைப்படிதான்" என்றாள். மறுநாள் பத்து மணிக்கு நான் எழுந்தேன், அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். இரண்டு வாரமும் அப்படித்தான். எனக்குக் கடிதம் வரவில்லை. சரி என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை; அட்டவணை சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது, யாரும் அதைப் பார்ப்பதில்லை.

செப்டா திரும்பி வந்தார். எனக்குள் ஒரு பாராட்டை எதிர்பார்த்தபடி நின்றேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார், கோட்டை மாட்டியபடி. "அஞ்சு வருஷம் லேட்டு." பிறகு, "பரவால்ல, வா, பிரஷ்ஷை நான் கழுவறேன்" என்றார்.

நண்டுக் காலம் முடிந்ததும் லியோ தன் படகுக் கூட்டாளிகள் இருவரோடு வந்து அறையை ஒட்டிய சாமான் அறையின் சுவரை இடித்தான். குழாய் இழுத்து, குட்டையாக ஒரு கழிப்பறை போட்டு, குழந்தைகளே திறந்து மூடும்படி ஒரு கதவும் வைத்தான். தாழ்ப்பாள் கூடாது என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. வேண்டும் என்றார் செப்டா. ஒரு மணி நேரம் சண்டை. தாழ்ப்பாள் இல்லை, ஆனால் தட்டாமல் எந்தப் பெரியவரும் திறக்கக் கூடாது என்று முடிந்தது. டெஸ் மதியம் இரண்டு டம்ளர் பால் குடிக்க ஆரம்பித்தாள், மூன்றாவதும் கேட்டாள்.

மூன்று வருடம் கழித்து ரோண்டா ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போனாள். அவளும் செப்டாவும் கடைசிவரை சிநேகிதிகள் ஆகவில்லை. இப்போது மேலாளர் நான். கையெழுத்தில்லாத அந்தக் கடிதம் கோப்பில்தான் இருக்கிறது. செப்டா ஓய்வு பெற்ற அன்று கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "தொடாத. மூணாந்தடவை பரீட்சை பாஸானதைவிட அதுதான் எனக்குப் பெருசு" என்றார்.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிடப் போனேன். சமையலறையில் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"குழந்தைகளை ஆட்டுக்குட்டி மாதிரி வேஷம் கட்டி நிறுத்தி, அழறதைப் படம் புடிக்கிற கூத்துக்கா? வரமாட்டேன்."

"ஊருக்கே அது பிடிக்கும்க்கா."

"ஊருக்குப் பிடிக்கும். ஆட்டுக்குட்டிகிட்ட கேட்டியா?"

கோபத்தோடு வீடு திரும்பினேன். மறுநாள் குழந்தைகளிடம் கேட்டேன். மேடையேற ஏழு பேர் ஆசைப்பட்டார்கள். ஒன்பது பேர் மாட்டேன் என்றார்கள். மாட்டேன் என்றவர்களைப் பெற்றவர்களின் மடியில் உட்கார வைத்தேன். தாத்தாக்கள் கேமராவோடு வந்து, "எங்க பேரன் எங்கே?" என்று என்னைத் திட்டினார்கள். ஆஸ்டின் ஹெர்ன்கூட முணுமுணுத்தார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். இந்த முறை அது பயத்தால் இல்லை.

செப்டா தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஏழு குழந்தைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அந்த மூணாவது பொண்ணு, தொப்பி கண்ணை மறைக்குது. பாடி முடிக்கிற வரைக்கும் எதிர்ல என்ன இருக்குன்னே அதுக்குத் தெரியல. போய்ச் சரி பண்ணு."

"நீங்களே போய்ப் பண்ணுங்களேன்க்கா."

அவர் போனார். அந்தப் பெண்ணின் எதிரே முட்டி போட வெகுநேரம் பிடித்தது, முழங்கால் வலி. தொப்பியைத் தொடுவதற்கு முன் ஏதோ கேட்டார். அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். செப்டா சரி என்று எழுந்து, கேக் இருந்த மேசைப் பக்கம் போய்விட்டார்.